விளிம்பை முதலில் படியுங்கள்
(வாசகர் கேள்விகளும் பழைய வரைவாளர் ஒருவரின் பதில்களும்)

கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்துப் பழைய இடவிளக்கப் படங்கள் சிலவற்றை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன் என்று சென்ற இதழில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டீர்கள். இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் வரைபடம் பற்றியவை. ரெஜைனாவில் ஒரு நில அளவை அலுவலகத்தில் 26 ஆண்டுகள் மைப்பேனா பிடித்தவன் நான். படம் என்று யாராவது தொடங்கினால் எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வராது. அதனால் அரசியல் கேள்விகளும் முழங்கால் வலிக் கேள்விகளும் அடுத்த இதழ்வரை பொறுத்திருக்கட்டும்.

பழைய பொருள் விற்பனை ஒன்றில் 12 டாலருக்கு மடித்த வரைபடம் ஒன்று வாங்கினேன். தென்மேற்கு சஸ்கச்சுவான், 72 எஃப் என்று தொடங்கும் எண், 1:50,000 அளவுத்திட்டம், 1950-களில் அச்சானது. அதில் ஒரு சிற்றூர் இருக்கிறது: ரயில் நிலையம், இரண்டு எலிவேட்டர், தேவாலயம், பள்ளி, தபால் நிலையம், பத்துப் பதினைந்து கறுப்புக் கட்டங்கள். கணினியில் அதே இடத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் வயலும் ஒரு சாலையும்தான் தெரிகின்றன. ஊர் உண்மையிலேயே இருந்ததா? வரைந்தவர்கள் தவறு செய்துவிட்டார்களா?
— வாசகி, சஸ்கட்டூன்

வரைந்தவர்களைச் சந்தேகிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஊரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தாளின் விளிம்பைப் பாருங்கள். படம் வாங்குகிற எல்லோரும் நடுவில்தான் மூக்கை வைக்கிறார்கள். கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் விமானப் படம் எடுத்த ஆண்டு, களத்தில் போய்ச் சரிபார்த்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று தனித்தனியாக இருக்கும். அவை ஒன்றாக இருப்பது அபூர்வம். நீங்கள் 1950-களின் படம் என்று சொல்வது அச்சகத்தின் ஆண்டு. ஊரை வானத்திலிருந்து பார்த்த கண் அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது. கடையில் வாங்கிய அன்றே அந்தத் தாள் பழசு.

ஊர் இருந்தது. ஏன் அங்கே இருந்தது என்பதையும் உங்கள் தாளே சொல்லும். குறுக்குக் கோடு போட்ட கறுப்பு வரி ரயில் பாதை. அதில் உங்கள் ஊரிலிருந்து அடுத்த நிலையம்வரை அளவுகோலை வையுங்கள். எட்டு மைல் வரும், அல்லது பத்து. அந்தப் பக்கமும் ஏறக்குறைய அதுவே. இது தற்செயல் அல்ல. குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிய விவசாயி காலையில் புறப்பட்டு, எலிவேட்டரில் கொட்டிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். குதிரையின் கால் எவ்வளவு தாங்குமோ அதுதான் ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி. ஆறு, துறைமுகம், கோயில் என்று எதையும் சுற்றி வளர்ந்த ஊர்கள் அல்ல இவை. மூட்டை இறக்கும் இடங்கள். எலிவேட்டர் என்றவுடன் மின்தூக்கியை நினைக்கும் டொராண்டோ வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இது தானியத்தை வாளிப் பட்டையால் மேலே தூக்கி, அறை அறையாகச் சேமித்து, கீழே நிற்கும் ரயில் பெட்டிக்குள் கொட்டும் உயரமான மரக் கட்டடம். 1930-களில் சஸ்கச்சுவானில் மட்டும் 3,000-க்கு மேல் இருந்தன.

பிறகு லாரி வந்தது. பத்து மைல் என்பது கால் மணி நேரமாகிவிட்டது. குதிரைக்காக வகுத்த இடைவெளிக்கு அதன் பின் என்ன வேலை? 1944-இல் பள்ளி மாவட்டங்களை ஒன்றுசேர்க்கும் சட்டம் வந்தது. ஓரறைப் பள்ளிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன, பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். பள்ளி போனால் கடை போகும், கடை போனால் தபால் நிலையம் போகும். இவ்வளவுக்குப் பிறகும் கிளைப் பாதைகள் பல உயிரோடு இருந்ததற்கு ஒரு காரணம், 1897-ஆம் ஆண்டின் குரோஸ்நெஸ்ட் கணவாய் ஒப்பந்தத்திலிருந்து வந்த சலுகைக் கட்டணம். தானியத்தைக் குறைந்த செலவில் ரயிலில் அனுப்ப முடிந்தது. 1995-இல் அதுவும் முடிந்தது. தண்டவாளத்தைக் கழற்றினார்கள், எலிவேட்டரை இடித்தார்கள். எலிவேட்டர் விழுவதை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் அறுத்துவிட்டு இயந்திரத்தால் இழுத்தார்கள். அது முதலில் சாய மறுத்தது. பிறகு ஒரேயடியாகப் படுத்தது. தூசி அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கும்வரை யாரும் பேசவில்லை.

இனி செயற்கைக்கோள் படத்துக்குத் திரும்புங்கள். இந்த முறை கட்டடம் தேடாதீர்கள். வயல்களெல்லாம் சதுரமாக இருக்க, அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெளிறிய பட்டை ஒன்று சாய்வாக ஓடுகிறதா? அதுதான் ரயில் பாதை. தண்டவாளம் போய்விட்டது, மேடு போகவில்லை. வீடே இல்லாத இடத்தில் மூன்று பக்கமும் மரவரிசை நின்றால் அது ஒருவர் காற்றுக்கு மறைப்பாக நட்ட கரகானா வேலி. வீடு நடுவில் இருந்தது. சின்னச் சதுரம் ஒன்றை மட்டும் உழவு இயந்திரம் ஒதுங்கிச் சுற்றிப் போயிருந்தால், உங்கள் தாளில் அதே இடத்தில் சிலுவைக் குறியோ மயானம் என்ற சொல்லோ இருக்கும். ஊரின் பெயரையும் அனுப்பியிருந்தீர்கள். நான் இங்கே அச்சிடவில்லை. கைவிடப்பட்ட ஊர் என்று கேள்விப்பட்டால் கேமராவுடன் கிளம்பி அடுத்தவர் வயலில் காரை விடுகிறவர்கள் நம் வாசகர்களிலும் உண்டு.

படத்தில் சாலைகள் எல்லாம் கோடு பிடித்தது போல நேராக வடக்கே போகின்றன. ஓரிடத்தில் மட்டும் எல்லாச் சாலைகளும் ஒரே வரிசையில் உடைந்து, மேற்கே தள்ளிப் போய், மறுபடி வடக்கே திரும்புகின்றன. அளவையாளர் குடித்துவிட்டு அளந்தாரா?
— மூஸ் ஜாவிலிருந்து ஒருவர்

அவர் நிதானமாகத்தான் இருந்தார். பூமிதான் வளைந்திருக்கிறது.

தட்டையான தாளில் சதுரம் போடுவது எளிது, உருண்டையில் போட முடியாது. வடக்குத் தெற்காக ஓடும் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும். டவுன்ஷிப் என்பது நில அளவையில் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம், தெற்கிலிருந்து வடக்கே எண்ணுவார்கள். தெற்கு விளிம்பில் ஆறு மைல் அகலம் வைத்துக்கொண்டு நேர்க்கோட்டில் வடக்கே போனால் அகலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதை அப்படியே விட்டால் வடக்கே நிலம் வாங்குகிறவனுக்கு நட்டம். ஆகவே 24 மைலுக்கு ஒரு அடிக்கோடு வைத்து அங்கே அகலத்தைச் சரியாக எடுத்தார்கள். இரண்டு அடிக்கோடுகளிலிருந்தும் கிளம்பி வருகிற கோடுகள் நடுவழியில் சந்திக்க வேண்டும். சந்திக்காது. அந்தச் சந்திக்காத இடத்துக்குத்தான் திருத்தக் கோடு என்று பெயர். உங்கள் தாளில் 10-ஆம் டவுன்ஷிப்புக்கும் 11-க்கும் நடுவில் இருக்கிறது, சரிதானே? 2-க்கும் 3-க்கும் இடையில் ஒன்று, 6-க்கும் 7-க்கும் இடையில் ஒன்று, பிறகு உங்களுடையது. இந்த முழங்கை மெரிடியனிலிருந்து, அதாவது அளவையைத் தொடங்கிய வடக்குத் தெற்குக் கோட்டிலிருந்து, மேற்கே போகப் போக நீளும். நீங்கள் குறித்தனுப்பிய 19-ஆம் ரேஞ்சில், அதாவது அந்தக் கோட்டிலிருந்து மேற்கே 19-ஆவது டவுன்ஷிப் வரிசையில், அரை மைலுக்கு மேல் வந்திருக்க வேண்டும், அளந்து எழுதுங்கள்.

மின்விளக்கு எதுவும் இல்லாத கிரிட் ரோட்டில், இருபது மைல் திருப்பமே காணாமல் ஓட்டிவந்த பிறகு, இரவில் இந்த முழங்கை திடீரென்று முன்னால் வரும். பூமி உருண்டை என்பதை உடம்பால் அறிய இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

நோர்வே வழிக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள் நான். என் கணவரின் பாட்டனார் 1910-இல் 10 டாலர் கட்டி நிலம் எடுத்தாராம். வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரு காகிதத் துண்டு: "வகி 14-10-19 மே3" என்று பொருள்படும் எழுத்துகள். மாமியாருக்கும் இடம் தெரியவில்லை. எங்களிடம் பழைய படம் ஒன்று இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, சுவிஃப்ட் கரன்ட்

இப்படியொரு கேள்விக்காகத்தான் இத்தனை ஆண்டுகளாக இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார்.

பின்னாலிருந்து படியுங்கள். மே3 என்றால் மூன்றாம் மெரிடியனுக்கு மேற்கே. அது 106 பாகை மேற்கு நெடுங்கோடு. அங்கிருந்து மேற்கே 19-ஆவது ரேஞ்ச். அமெரிக்க எல்லையிலிருந்து, அதாவது 49-ஆவது பாகையிலிருந்து, வடக்கே எண்ணினால் 10-ஆவது டவுன்ஷிப். இரண்டு எண்ணும் வெட்டுகிற இடத்தில் ஆறு மைல் சதுரம் ஒன்று கிடைக்கும். ரேஞ்ச் எண்ணும் டவுன்ஷிப் எண்ணும் தாளிலேயே அச்சிட்டிருக்கும், தேடுங்கள். அந்தச் சதுரத்துக்குள் 36 செக்ஷன்கள். ஒவ்வொன்றும் ஒரு மைலுக்கு ஒரு மைல், 640 ஏக்கர்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எண்ணிக்கை தென்கிழக்கு மூலையில் தொடங்குகிறது. 1-இலிருந்து 6 வரை மேற்கே போகும். ஒரு வரிசை மேலே ஏறி 7-இலிருந்து 12 வரை கிழக்கே திரும்பும். மறுபடி ஏறி 13-இலிருந்து மேற்கே. ஏர் உழுகிறவன் சால் முடிவில் மாட்டைத் திருப்புவது போல. அமெரிக்காவில் இதே 36-ஐ வடகிழக்கு மூலையிலிருந்து எண்ணுகிறார்கள். அங்கிருந்து எடுத்த விளக்கப் படத்தை வைத்துக்கொண்டு தேடினால் வேறொருவருடைய பாட்டனார் நிலத்தில் போய் நிற்பீர்கள். உங்கள் 14 தெற்கிலிருந்து மூன்றாவது வரிசை, கிழக்கிலிருந்து இரண்டாவது. அதன் வடகிழக்குக் கால் பங்கு 160 ஏக்கர். அதுதான் அந்தக் காகிதத் துண்டு.

14-க்கு நேர் தெற்கே 11. ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 11-உம் 29-உம் பள்ளி நிலம். அப்படியானால் பள்ளிக்கூடம் அடுத்த நிலத்திலேயே இருந்திருக்கும் என்று பாய்ந்துவிடாதீர்கள். பள்ளி நிலம் என்பது விற்று வரும் பணத்தைக் கல்விக்குச் செலவிட ஒதுக்கியது. கட்டடம் பிள்ளைகள் நடந்து வரக்கூடிய இடத்தில் எங்கேயோ இருக்கும். படத்தில் கொடி குத்திய சிறு கட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே. 8-ஆம் செக்ஷனும் 26-இன் பெரும்பகுதியும் ஹட்சன்ஸ் பே என்ற பழைய ரோம வணிகக் கம்பெனிக்குப் போயின. ரயில் கம்பெனிக்கும் ஒற்றைப்படை எண்களில் நிறையப் போனது. மிச்சம்தான் 10 டாலருக்கு.

அந்த 10 டாலர் பதிவுக் கட்டணம் மட்டும். நிலம் கைக்கு வர மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஆறு மாதம் அங்கேயே வசிக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், 30 ஏக்கர் புல்தரையை உடைத்து உழ வேண்டும். உடைப்பது என்ற சொல்லைத்தான் அங்கே இன்றும் சொல்கிறார்கள். அந்த வேர்ப்பின்னலைப் பார்த்தவர்களுக்கு உழுவது என்ற சொல் போதாது என்று தெரியும். விதவையோ குடும்பத் தலைவியோ அல்லாத பெண்ணுக்கு மனுப்போடும் உரிமை இல்லை. அமெரிக்கப் பக்கத்தில் திருமணமாகாத பெண் போட முடிந்தது. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் முடியவில்லை.

இந்த எண்ணைக் கொண்டு சஸ்கச்சுவான் மாகாண ஆவணக் காப்பகத்தில் அவருடைய ஹோம்ஸ்டெட் கோப்பை, அதாவது இப்படி நிலம் எடுத்ததற்கான கோப்பை, கேளுங்கள். பட்டா வாங்கும்போது அவர் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் அதில் இருக்கும்: எந்த ஆண்டு எத்தனை ஏக்கர் உடைத்தார், எத்தனை மாடு, எத்தனை குதிரை, வீட்டின் நீள அகலம், அதன் மதிப்பு. அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சிக் கையெழுத்து வைத்திருப்பார்கள். வீட்டின் அளவைப் பார்த்து உங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். பன்னிரண்டடிக்குப் பதினாறடி வீட்டில் ஆறு பேர் குளிர்காலம் கழித்ததாக எழுதிய கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். பாட்டனார் காலத்தில் சுற்றியிருந்த பெயர்களும் வேண்டுமென்றால் 1917-க்கும் 1930-க்கும் இடைப்பட்ட கம்மின்ஸ் படங்களைத் தேடுங்கள். அவற்றில் கால் பங்குக்குக் கால் பங்கு உரிமையாளர் பெயரே எழுதியிருக்கும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் படம் முழுக்க ஏதோ கூலி, ஏதோ கூலி என்று பெயர்கள். யாருக்குக் கொடுத்த கூலி?
— பெயர் வேண்டாம் என்கிறார்

நானும் முதல் வாரத்தில் சம்பளக் கணக்கு என்றுதான் நினைத்தேன். பாய்வது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழியாக வந்தது. பனி உருகும் காலத்தில் நீர் ஓடி, மற்ற நாளில் காய்ந்து கிடக்கும் செங்குத்தான பள்ளம். கூலி கிடையாது, உழைப்பு மட்டும் உண்டு. அதைக் கடந்து மாடு ஓட்டிப் பாருங்கள்.

ஒன்றுமே இல்லாத புல்வெளியின் படத்தில் பார்க்க என்ன இருக்கிறது? மலையா, கடலா?
— மார்க்கம் வாசகர்

உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் சமவுயரக் கோட்டைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத் தாள்களில் 25 அடிக்கு ஒரு பழுப்புக் கோடு. காரிலிருந்து பார்த்தால் தட்டு போலத் தெரிகிற நிலம், தாளில் பெருவிரல் ரேகை போல நெளிந்திருக்கும். கோடு வட்டமாகச் சுற்றி வந்து உள்பக்கம் சிறு பற்கள் வைத்திருந்தால் அது மேடு அல்ல, குழி. பனிப்பாறை விட்டுப்போன பனிக்கட்டித் துண்டு மண்ணுக்குள் புதைந்து உருகிய இடம். அதில் தேங்கும் நீருக்கு ஸ்லூ என்று பெயர். நீலத்தை முழுக்கோடாகப் போட்டால் நீர் எப்போதும் இருக்கும். விட்டு விட்டுப் போட்டால் இருக்கும் ஆண்டும் உண்டு, இல்லாத ஆண்டும் உண்டு. 1857 முதல் 1860 வரை இந்தப் பகுதியை ஆராய்ந்த ஜான் பாலிசர் தென்பகுதியில் ஒரு முக்கோணத்தை விவசாயத்துக்கு ஆகாத வறள்நிலம் என்று குறித்துவிட்டுப் போனார். பிறகு மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் வந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். 1930-களில் மண் பறந்தபோது சிரித்தவர் யாரும் இல்லை. அந்த விட்டுவிட்டுப் போட்ட நீலக் கோட்டை ஏளனம் செய்யாதீர்கள்.

சஸ்கட்டூனுக்குத் தென்கிழக்கே ஊர்ப்பெயர்கள் அகரவரிசையில் வருகின்றனவே, விளையாட்டா?
— பள்ளி மாணவி

விளையாட்டு இல்லை, அவசரம். கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில் கம்பெனி ஊருக்கு முன்னால் பெயரை வைத்தது. மேற்கே வர வர வாட்ரஸ், ஸீனா, யங், ஸெல்மா என்று ஆங்கில அகரவரிசை முடிந்துவிடும். உடனே ஆலன், பிராட்வெல், கிளாவெட் என்று மறுபடி தொடங்கும். ஆங்கிலத்தின் கடைசி எழுத்துகளுக்கு அவர்கள் பட்ட பாட்டை நினைத்துச் சிரிக்கலாம்.

இந்தச் சதுரங்களுக்கு முன் அங்கே யாருமே இல்லையா? என் படத்தில் பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய ரிசர்வ் ஒன்றின் எல்லை தவிர வேறு அடையாளமே இல்லை.
— வாசகர், ரெஜைனா

கேட்டதற்கு நன்றி. கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன்.

கிறீ, சோல்ட்டோ, அசினிபோயின் மக்களின் நிலம் அது. அவர்களோடு அரசு செய்த 4-ஆம் ஒப்பந்தம் 1874 செப்டம்பரில் குவப்பெல் கோட்டையில் கையெழுத்தானது. தெற்கு சஸ்கச்சுவானின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. மேற்கில் சங்கிலி பிடித்து அளக்கும் வேலை 1871-இல் முறையாகத் தொடங்கிவிட்டது. அதற்கும் முன்பே, 1869 அக்டோபரில், சிவப்பாற்றங்கரையில் அளக்க வந்தவர்களின் சங்கிலி மேல் மேட்டி மக்களின் தலைவர் லூயி ரியெல் காலை வைத்து நிறுத்தினார். மேட்டி என்பது பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்தவர்கள். அங்கே அவர்களின் நிலங்கள் ஆற்றிலிருந்து கிளம்பும் நீண்ட பட்டைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர், ஒவ்வொரு வீட்டுக்கும் புல். அதன் மேல் சதுரம் போட்டால் யாருக்குத் தண்ணீர், யாருக்குப் புல்? சண்டையின் வேர் இதுதான். சஸ்கச்சுவானில் பட்டோஷ் பக்கத்துத் தாள் கிடைத்தால் பாருங்கள். சதுரங்களுக்கு நடுவே ஆற்றோரம் மட்டும் சீப்புப் பற்கள் போல நீளப் பட்டைகள் தெரியும். அந்தப் பற்கள் எஞ்சியதற்குப் பின்னால் மேட்டி மக்கள் அரசை எதிர்த்து எழுந்த 1885 இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அது எந்தத் தாளிலும் தெரியாது. செக்ஷனுக்கும் செக்ஷனுக்கும் இடையில் சாலைக்கென்று 66 அடி விட்டிருப்பார்கள். உங்கள் பக்கத்தில் வடக்குத் தெற்காக ஒவ்வொரு மைலுக்கும், கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று. 66 அடி என்பது ஒரு சங்கிலி. 80 சங்கிலி ஒரு மைல். சாலை போடாத அந்த அரசுப் பட்டைகளில், நிலம் இழந்த மேட்டி குடும்பங்கள் குடிசை போட்டு இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தன. ரோடு அலவன்ஸ் மக்கள் என்றே அவர்களுக்குப் பெயர். வரி கட்ட நிலம் இல்லை என்பதால் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காத இடங்கள் உண்டு. நான் மையிட்ட தாள்களில் அந்தப் பட்டை இரண்டு மெல்லிய கோடுகள், நடுவில் வெள்ளை. 26 ஆண்டுகளில் எத்தனை மைல் வெள்ளை விட்டிருப்பேன் என்று கணக்குப் போட முயன்று விட்டுவிட்டேன்.

பழைய படத்திலிருந்து தேவாலயத்தின் இடத்தைக் குறிக்கும் கட்டக்கோட்டு எண்ணை எடுத்துக் கைப்பேசியில் போட்டேன். தேவாலயத்துக்குப் பதில் எருதுகள் நடுவில் போய் நின்றேன்.
— வீரச் செயல் புரிந்தவர், மெடிசின் ஹாட்

விளிம்பு, ஐயா, விளிம்பு! 1927-ஆம் ஆண்டின் வட அமெரிக்க ஆதாரப்புள்ளி முறையில் அந்தத் தாள் வரையப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் கைப்பேசி வேறு முறையில் எண்ணுகிறது. இரண்டுக்கும் இடையில் வடக்குத் தெற்காக ஏறக்குறைய 200 மீட்டர் விலகும். கருவியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு எண்ணைப் போடுங்கள். காந்த ஊசிக்கும் இதே எச்சரிக்கை. விளிம்பில் உள்ள விலக்கக் கோணம் அன்றைக்கு உரியது, இன்றைக்குள் பல பாகை நகர்ந்துவிட்டது. போகிற வழியில் செக்ஷன் மூலையில் இரும்புத் தூண் எதையாவது கண்டால் தொடாமல் வாருங்கள். அந்தப் பழைய தூண்களில் அகற்றினால் 7 ஆண்டு சிறை என்று பொறித்திருப்பார்கள். எருதுகள் பரவாயில்லை.

நான் வாங்கிய படத்தில் ஒரு மூலையில் காப்பிக் கறை. பென்சில் கிறுக்கலும் இருக்கிறது. எதைக்கொண்டு துடைக்கலாம்? பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிச் சட்டம் போடலாமா?
— அதே சஸ்கட்டூன் வாசகி

சூடாக்கி ஒட்டும் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். ஒட்டினால் ஒட்டியதுதான், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. மடிப்பில் கிழிந்திருந்தால் ஒட்டும் நாடாவும் போடாதீர்கள். பத்து ஆண்டில் நாடா மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கிவிடும். விரித்துத் தட்டையாக, அமிலமற்ற காகித உறையில் வையுங்கள். சுவரில் மாட்டினால் வெயில் படாத சுவர். பென்சில் கிறுக்கலை அழிக்கக் கூடாது. யாரோ வேலி அளந்த கணக்காக இருக்கும்.

கறைக்கு வருகிறேன். 1993 ஜூனில் நானும் மனைவியும் ரெஜைனாவுக்குத் தெற்கே, 1956-இல் அச்சிட்ட ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, இல்லாமல் போன ஊர் ஒன்றைப் பார்க்கக் கிளம்பினோம். முந்திய இரவு மழை. தாளில் அந்தச் சாலை இரட்டைப் புள்ளிக்கோடு. காய்ந்த காலத்தில் மட்டும் போகத் தகுந்தது என்று விளிம்பில் எழுதியிருந்தது. விளிம்பைப் படி என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் அன்றைக்குப் படிக்கவில்லை. அந்தப் பகுதிக் களிமண்ணுக்குக் கம்போ என்று பெயர். சக்கரத்தில் ஒட்டினால் சக்கரத்தின் அகலமே இரண்டு மடங்காகிவிடும். காரை விட்டு இறங்கினேன். செருப்பு தரையோடு நின்றுவிட்டது, கால் மட்டும் வந்தது.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு டிராக்டரில் வந்த பெரியவர் சங்கிலி மாட்டி இழுத்துவிட்டார். பணம் வாங்க மறுத்துவிட்டார். கையில் என்ன தாள் என்று கேட்டார். காரின் முன்மூடியில் விரித்தேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு எண்ணெய்ப் பிசுக்கான பெருவிரலை ஒரு கறுப்புக் கட்டத்தின் மேல் அழுத்தி, "இது நாங்கள்" என்றார். அந்த வீட்டைப் பின்னாளில் அடியோடு தூக்கி, வண்டியில் ஏற்றி, நகரத்துக்குக் கொண்டுபோனார்களாம். அதற்கு வடக்கே இன்னொரு கட்டத்தைக் காட்டினார். சித்தப்பாவின் வீடு. 1937-இல் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. ஆள் போய்ப் பத்தொன்பது ஆண்டு கழித்து அச்சான தாளில் வீடு கறுப்பாக, திடமாக, மற்ற வீடுகளைப் போலவே இருந்தது. "வரைந்தவர்களுக்கு இது தெரியாதா?" என்று கேட்டார். கூரை இருந்தால் கட்டம் போடுவோம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சவர்க்கார நுரையும் துணியுமாக அந்தத் தாளை நோக்கி வந்தார். தடுத்துவிட்டேன். ரேகை இன்னும் தெரிகிறது. உங்கள் தாளில் இருப்பது காப்பிக் கறைதானா என்று ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கீழே கட்டம் ஏதாவது இருந்தால் அதன் செக்ஷன் எண்ணை எனக்கு எழுதுங்கள்.